செஞ்சிக் கோட்டையிலிருந்து எதையும் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள்

பழங்கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சைச் செப்பனிடுவது என் தொழில் என்பதாலோ என்னவோ, டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சிங்கப்பூர் திரும்புகிறவர்கள், செஞ்சியில் எடுத்த செங்கல் துண்டையோ காரைச் சில்லையோ நீட்டி, "இது எத்தனை வருஷப் பழசு?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. அண்மையில் வந்தது உள்ளங்கை அகலக் காரைத் துண்டு. ஒருபுறம் வழவழவென்று இழைக்கப்பட்டிருந்தது. மறுபுறம் உடைந்த இடம் அழுக்கேறாமல் வெள்ளையாக இருந்தது. கீழே கிடந்ததை எடுத்ததாகச் சொன்னார்கள். அது சுவரிலிருந்து பெயர்த்தது.

"இடிந்துதானே கிடக்கிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். இடிந்த சுவர்தான் தன் உட்புறத்தைக் காட்டுகிறது என்பதை எத்தனை முறை சொல்வது? செஞ்சியைத் தேசிங்குராஜன் கட்டியதாக இன்னும் பலர் நம்புகிறார்கள். சில மாதங்களே ஆண்டு, 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருதி மாண்ட அந்த இளைஞனுக்கு மூன்று மலைகளை வளைத்து மதில் எழுப்ப அவகாசம் ஏது? நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, நெடிய முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கைமாறிய அக்கோட்டையில், எந்தப் பகுதி யார் காலத்து வேலை என்பதைச் செங்கல்லின் அளவும், சாந்தின் கலவையும், ஒரு பூச்சின்மேல் மறுபூச்சு படிந்திருக்கும் வரிசையும் சேர்ந்துதான் சொல்லும். சுவரைவிட்டு என் மேசைக்கு வந்த துண்டு வெறும் சுண்ணாம்பும் மணலும்தான். ஃபோர்ட் கேனிங் மலையில் 1984இல் அகழ்ந்தெடுத்த பீங்கான் சில்லுகள் பதினான்காம் நூற்றாண்டுச் சிங்கப்பூரைப் பற்றிப் பேசியதும், அவை கிடந்த மண்ணடுக்கோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டதால்தான்.

சட்டமும் இருக்கிறது. கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள் நூறாண்டுக்கு மேற்பட்டதாயின், 1972ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்.

ஆகவே, படம் எடுங்கள், பெயர் கீறாதீர்கள், பிள்ளைகள் மதில் விளிம்பில் ஏறினால் இறக்கிவிடுங்கள். வயதைக் கணிக்கச் சொல்லி என்னிடம் எதையும் கொண்டுவர வேண்டாம். ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டவர்கள், எந்த இடத்தில் எடுத்தோம் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவைத்து, இந்தியத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். தயவுசெய்து, அடுத்த பயணத்தில் நீங்களாகவே சிமெண்டு குழைத்து அதை ஒட்டிவிடாதீர்கள். சிமெண்டு ஈரத்தை வெளியேற விடாது, பக்கத்திலிருக்கும் நல்ல காரையும் உப்பிக் கழன்றுவிடும்.