ஃபெல்லரின் பந்தை அளந்த ராணுவக் கருவி

1946 ஆகஸ்ட் 20. வாஷிங்டனில் கிரிஃபித் மைதானம். ஆட்டம் தொடங்கும் முன், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் அருகே ஒரு பெரிய சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குண்டுகளின் வேகத்தை அளக்க அமெரிக்க ராணுவம் வைத்திருந்த கருவி அது. அதற்குள் பந்து வீச வந்தவர், கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் பாப் ஃபெல்லர். முந்தைய ஆண்டுதான் கடற்படையிலிருந்து திரும்பியிருந்தார்.

அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய மறுநாளே, 1941 டிசம்பர் 8 அன்று, கடற்படையில் சேர்ந்தவர் அவர். அப்பா புற்றுநோயோடு படுத்திருந்தார். அதைச் சொல்லி விலக்கு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. வயது 23. அதற்குள் பேஸ்பாலில் 107 வெற்றிகள். அப்புறம் ‘அலபாமா’ போர்க்கப்பலில் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றின் குழுத் தலைவர். ஓய்வு கிடைத்தால் கப்பலின் மேல்தளத்திலேயே பந்து வீசிக் கையைப் பழக்கத்தில் வைத்திருந்தார்.

கருவிக்கு வருவோம். அதில் இருந்தவை இரண்டு ஒளித்திரைகள். திரையின் ஒரு பக்கம் நீளமான விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளிமின்கலம். பந்து குறுக்கே போகும்போது அதன் நிழல் மின்கலத்தில் விழும். மின்னோட்டம் ஒரு கணம் குறையும். முதல் திரையில் விழும் நிழல் கடிகாரத்தை ஓட விடும், இரண்டாவது நிறுத்தும். திரைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

சரி, இதற்கு ராணுவக் கருவி எதற்கு? ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஃபெல்லரின் பந்து அதைக் கடக்க 0.023 விநாடிதான் ஆகும். கடிகாரம் ஆயிரத்தில் ஒரு விநாடி பிசகினாலே மணிக்கு 7 கிலோமீட்டர் தப்பாகிவிடும். கையால் அழுத்தும் கடிகாரம் இங்கே உதவாது. அவர் கப்பலில் சுட்ட 40 மில்லிமீட்டர் குண்டோ விநாடிக்கு 880 மீட்டர், பந்தைவிட சுமார் 20 மடங்கு வேகம். அப்படிப்பட்ட குண்டுகளுக்கு ஈடுகொடுத்த கருவிக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை.

கிடைத்த விடை மணிக்கு 98.6 மைல், அதாவது 158.7 கிலோமீட்டர். இன்று 100 மைலைத் தாண்டி வீசுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று இந்த எண்ணைக் குறைத்துப் பேசுவது பெரிய அநியாயம். வீசுமேடைக்கும் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் காற்றின் இழுவை பந்தின் வேகத்தில் 8 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. இப்போதைய கருவிகள் கையை விட்ட கணத்தில் அளக்கின்றன; கிரிக்கெட்டில் நாம் திரையில் பார்க்கும் எண்ணும் அப்படித்தான். ஃபெல்லரின் பந்தையோ பயணத்தின் முடிவில் அளந்தார்கள். கையிலிருந்து கிளம்பியபோது அது 107 மைலை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

போர் அவரிடமிருந்து முழுதாக மூன்று ஆட்டப் பருவங்களையும், 1945-இன் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. பந்து வீசும் ஒரு பிட்ச்சரின் கை முறுக்கேறி நிற்கும் வயது அது. சட்டத்துக்குள் வீசியபோது அவருக்கு வயது 27. அந்தப் பருவத்தில் மட்டும் 348 ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே 348 முறை எதிரணியினரை ஆட்டமிழக்கச் செய்தார்.