வாத்தியார் சம்பளம் எந்தக் கணக்கில்?

போன செவ்வாய்க்கிழமை காலையில் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டக் கோயிலின் பொருளாளர் கூப்பிட்டார். "அக்கா, அந்த மிருதங்கத்தை எல்லாம் என்ன செய்யட்டும்? திருவிழாவுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணணும்" என்றார். நன்கொடையாக வந்து சும்மா கிடக்கிற பொருளுக்காக இந்த ஆண்டில் இப்படி வரும் மூன்றாவது அழைப்பு இது. முதலில் கூலிமில் ஆர்மோனியம். அப்புறம் பாகான் செராய் பக்கம் சலங்கையும் பரதநாட்டிய உடுப்பும். இப்போது மிருதங்கம்.

சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். மொத்தம் 12. உறையைக் கூடப் பிரிக்காதவை நான்கு. மற்றவற்றில் இடது முகமான தொப்பிப் பக்கம் பூசிய ரவையைத் துடைக்காமலே உறைக்குள் திணித்திருக்கிறார்கள். ரவையைத் தின்ன வந்த கரப்பான் பூச்சி தோலையும் விட்டுவைக்கவில்லை. இரண்டில் வலது முகமான வலந்தலையின் கரணை (நடுவிலுள்ள கருப்புப் பொட்டு) வெடித்து, விரல் பட்டாலே கருப்பாக உதிர்ந்தது. அறை முழுக்கப் பூஞ்சை வாடை. சுவரில், இவற்றை வாங்கிக் கொடுத்த டத்தோவும் (விருதுப் பட்டம் பெற்ற பிரமுகர்) 12 பிள்ளைகளும் நிற்கிற பெரிய பேனர். பேனருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பு நடந்தது ஏழு வாரம். அதற்குமேல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டேன். "வாத்தியார் வரல அக்கா" என்றார் பொருளாளர். ஏன் வரவில்லை? பெட்ரோல் காசு கொடுக்க யாருமில்லை. அவ்வளவுதான் கதை. வாத்தியத்துக்குக் கொடுத்தவர் வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை.

நான் பட்டர்வொர்த்தில் கணக்காளர். சின்னச் சின்னச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், இரண்டு குடும்ப அறவாரியங்கள் ஆகியவற்றின் கணக்கை 17 வருடமாகப் பார்க்கிறேன். கொடுக்கிறவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன், வாங்குகிறவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். நம்மவர்களுக்குக் கொடுக்கும் மனசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனசு நிறைய இருக்கிறது. கொடுக்கிற முறைதான் வயிற்றெரிச்சல்.

எல்லார் தலையிலும் ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. பொருளாகக் கொடுத்தால் பத்திரம், சம்பளமாகக் கொடுத்தால் காசு கரைந்துவிடும் என்பது அது. மிருதங்கம் வாங்கினால் மிருதங்கம் இருக்கும். உடுப்பு வாங்கினால் உடுப்பு இருக்கும். வாத்தியாருக்குக் கொடுத்தால் என்ன இருக்கும்? இதை என்னிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அதே டத்தோவிடம் இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் வாதாடிப் பார்த்தேன்.

"ஆசிரியர் சம்பளம்னு போடாதீங்கம்மா. பொருளா போடுங்க. கலைங்கிறது சேவைதானே, காசுக்காகவா சொல்லித் தர்றாரு?"

"டத்தோ, உங்க கம்பெனிக்கு நான் பார்க்கிற கணக்கும் சேவையா?"

சிரித்தார். (என் பில்லை அந்த மாதமும் தாமதமாகத்தான் கட்டினார் என்பது வேறு விஷயம்.) கடைசியில் பொருளாகத்தான் போட்டோம்.

ஒரு தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் மிருதங்க வகுப்பு நடக்க என்ன வேண்டும் என்று நிதானமாகப் பார்ப்போம். வாத்தியார் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வர வேண்டும். அவருக்கும் வீடு, பிள்ளைகள், கார்த் தவணை எல்லாம் இருக்கிறது. வாரத்தில் அவருக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை நாம் கேட்கிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது தோட்டத்து லயன் வீடுகளில் இல்லை, பக்கத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிமாறிப் போய்விட்டார்கள். அப்பா பாக்டரியில் ஷிப்டில் இருப்பார், அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே வேன் வேண்டும். பசியோடு வரும் பிள்ளைக்கு ஒரு மைலோ, இரண்டு பிஸ்கட். வருடத்துக்கு ஒருமுறை வார் இழுத்து மூட்டு (தோல் முகம்) மாற்ற ஒரு கைதேர்ந்த ஆள். என் கையில் இருக்கிற ஒரு குழுவின் கணக்கு இது: வாத்தியாருக்கு வகுப்புக்கு 150 ரிங்கிட், வேனுக்கு 60, தேநீருக்கு 25. நாலு ஞாயிறுக்கு 940. பராமரிப்புக்கென்று மாதம் 30 ஒதுக்கினால் 970. அந்த 12 மிருதங்கத்துக்குப் போன காசில் ஒன்றரை ஆண்டு வகுப்பு நடத்தியிருக்கலாம். வாத்தியத்துக்கு என்ன செய்வது? நாலு மிருதங்கம் இரவல் வாங்கி, மூன்று பேருக்கு ஒன்று என்று முறைவைத்துப் பழகலாம். முறைவைத்துப் பழகிய பிள்ளைகள்தான், என் அனுபவத்தில், காத்திருக்கும்போது தொடையில் தாளம் போட்டுப் போட்டு நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

சம்பளம் கரைந்து போகிறது என்பது உண்மைதான். சோறும்தான் கரைந்து போகிறது, அதற்காகப் பிள்ளைக்குத் தட்டு மட்டும் வாங்கிக் கொடுப்போமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், பொருளாகத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடிப்பவர்தான் ஏப்ரல் மாதம் வந்து "வரி ரசீது?" என்று கேட்பார். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். அதுவும் வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். தனிநபருக்கு முன்பு 7 விழுக்காடாக இருந்தது, 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 10. தோட்டக் கோயில் கமிட்டி கொடுக்கும் ரசீதில் முத்திரை பெரிதாக இருக்கலாம், அங்கீகாரம் இல்லையென்றால் அது நன்றிக் கடிதம்தான். மிருதங்கம் வாங்கிய கடை பில்லைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டாதீர்கள்.

மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிய காலத்தில், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் பாட்டாளிகள் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, ம.இ.கா. கட்சித் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளி பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டச் சொன்னார். ரப்பர்ப் பால் வெட்டிய பாட்டாளிகள் கட்டினார்கள். கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். இன்று கோலாலம்பூரில் தமிழ் இலக்கியக் கூட்டம் நடக்கிற சோமா அரங்கம் அந்தச் சங்கத்தின் கட்டடமான விஸ்மா துன் சம்பந்தனில்தான் இருக்கிறது. அங்கே புத்தக வெளியீட்டுக்குப் போய் முறுக்கும் காப்பியும் சாப்பிட்டவர்கள், அது யார் கட்டிய மாதத் தவணையில் எழுந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். என் பாட்டியும் கட்டினார். பங்குச் சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

நகரத்தில் இதை நன்றாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. சுவாமி சாந்தானந்தர் 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் இன்றைக்கும் வாராவாரம் வகுப்பு நடத்துகிறது. விரும்பியதைச் சாப்பிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுங்கள் என்ற அன்னலட்சுமி உணவகமும் அந்தக் குடும்பம்தான். ஆனால் தீவில், ஜார்ஜ்டவுனில் இருக்கிற வகுப்புக்குப் பெருநிலத்து வால்டோரிலிருந்து ஒரு பிள்ளை எப்படி வரும்? பாலம் தாண்டி வர வேண்டாமா? 1999-இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் குழு பாலேக் பூலாவ் வரைக்கும் போய், அந்த ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகளையே தேட வைத்து, அதிலிருந்து கலையை எடுக்கிறது. எனக்குப் பிடித்த முறை அது.

ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற கேள்வியைத்தான் நம் டத்தோக்கள் கேட்பதில்லை. அந்த நிபோங் திபால் தோட்டத்தில் மிருதங்கம் வருவதற்கு முன்பே 14 பையன்கள் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கக் கூரை கிடையாது, செம்பனை மரத்தடியில்தான் பயிற்சி. மழை வந்தால் உறுமியைச் சட்டையால் மூடிக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டபோது, "உறுமியா? அது அடிதடிப் பசங்க சமாச்சாரம்மா" என்றார்கள். சனிக்கிழமை நான் போனபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். காசு வராத கலை உயிரோடு இருக்கிறது, காசு வந்த கலை ஸ்டோர் ரூமில் இருக்கிறது. இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

இப்போது இன்னொரு மோஸ்தர் வந்திருக்கிறது: நலவாழ்வு. விண்ணப்பம் எழுதுகிற எல்லாரும் 'மன உளைச்சல் 80 விழுக்காடு குறையும்' என்று எழுதுகிறார்கள். யார் அளந்தது? எதை வைத்து? உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைக்கும் உடல்நல மனநலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. உண்மை. அதற்காகக் கும்மியடித்தால் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இறங்கிவிடும் என்று எழுதாதீர்கள், தயவு செய்து. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பஜனைக்கு வந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

நலம் எப்படி வருகிறது என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறிய பெண்கள் சிலர் செவ்வாய்க்கிழமை தோறும் கீழ்த்தளத்தில் கூடிக் கும்மிப்பாட்டு பாடுகிறார்கள். பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்கள். ஒரு குடும்ப அறவாரியம் பாட்டு சொல்லித் தரும் அம்மாவுக்கு மாதப்படி தருகிறது, வேறொன்றும் இல்லை. அங்கே ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "செவ்வா வந்தா குளிச்சு, தலைவாரி, பூ வைக்கணும்னு தோணுது கண்ணு. மத்த நாள்ல யாருக்காக வைக்கிறது?" ஒருமுறை அவர்களில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை. பாட்டு அம்மா நாலாம் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தார். லிப்ட் வழக்கம்போலக் கெட்டிருந்தது. காலில் புண், மூன்று நாளாகக் காய்ச்சல், பிள்ளைகள் சிங்கப்பூரில். உடனே அரசாங்கக் கிளினிக்கில் சேர்த்தார்கள், விரல் தப்பியது. ஆளைக் காணோம் என்று தேட ஒரு ஆள் இருந்தார், அவர் அந்த மாதப்படியால் இருந்தார். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, கொடுக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரே நாளில் பெரிய தொகை வேண்டாம். மூன்று ஆண்டுக்கு மாதாமாதம் கொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், படம் கேட்காதீர்கள். படத்துக்கு 12 பிள்ளைகளை ஒரே நாளில் நிற்க வைத்துவிடலாம், பதிவேட்டில் அது முடியாது. பிள்ளைகளோடு பழகும் வாத்தியார் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், முன்கூட்டியே விசாரியுங்கள். சிறாருக்கு எதிராகக் குற்றம் புரிந்தவர்களின் பதிவேடு 2019 முதல் சமூக நல இலாகாவிடம் இருக்கிறது, கேட்டுச் சரிபார்க்கலாம். இதைச் சொன்னால் வித்வானுக்குக் கோபம் வரும் என்று தயங்காதீர்கள். வரட்டும்.

வாங்குகிறவர்களே, உங்களையும் விடப்போவதில்லை. நன்கொடையைப் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் போடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், திடீரென்று அவருக்கு ஏதாவது ஆனால் உங்கள் வகுப்புக் காசு அவர் சொத்தோடு முடங்கும். ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். பதிந்த பிறகு தூங்கிவிடாதீர்கள். ஆண்டுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும். ஐந்து வருட அறிக்கையை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "மேடம், அடுத்த வாரம் மானியம் கடைசி நாள்" என்று நிற்காதீர்கள். உண்டியல் தூக்கி வீடு வீடாகப் போகவும் அனுமதி வேண்டும், 1947-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. மானிய விண்ணப்பத்தில் ஆசிரியர் சம்பளத்தை 'இதர செலவு' என்று ஒளிக்காதீர்கள். முதல் வரியில் போடுங்கள். நீங்களே கூச்சப்பட்டால் கொடுக்கிறவர் ஏன் மதிக்கப் போகிறார்?

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அட்டைக் காசோலையைப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். அந்தப் பேனரில் இரண்டாவது வரிசையில் நின்ற பெண்ணுக்கு இப்போது 15 வயது. கூட்டாளிகள் 'டத்தோ பிள்ளை' என்று கேலி செய்கிறார்களாம். பேனரைக் கழற்றச் சொல்லி பொருளாளரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை அதை நானே கழற்றினேன். 12 மிருதங்கத்தில் ஒன்பது தேறும் என்று மூட்டுப் போடுகிறவர் சொல்கிறார். நாலைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு தமிழ்ப்பள்ளிக்கு இரவல் தரப் பேசியிருக்கிறோம். புக்கிட் மெர்தாஜாம் வாத்தியாரைக் கூப்பிட்டேன். வரத் தயார், ஆனால் அந்த ஏழு வாரத்துப் பெட்ரோல் காசை முதலில் தீர்க்கச் சொன்னார். டத்தோவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், முதல் வரியிலேயே 'ஆசிரியர் சம்பளம்' என்று எழுதி.