வடச்சட்டியில் மிஞ்சும் எண்ணெயை என்ன செய்ய வேண்டும்?

திருப்பூரில் பொழுதோட பனியன் கம்பெனி டீ டைம் விட்டதும் பேக்கரி வாசலில் கூட்டம் நிற்குமே, அங்கே வடச்சட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சில கடைகளில் காலையில் ஊற்றிய எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்துக் கிடக்கும்; குறையக் குறைய அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றி அடுத்த ஈடு பஜ்ஜியைப் போடுவார்கள்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து, 'போலார் காம்பவுண்ட்' என்கிற பொருட்கள் அதில் சேர்கின்றன. அவை மொத்தமாக 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இதுதான் விதி. அதிகாரி மீட்டரை எண்ணெயில் விட்டால் அளவு தெரிந்துவிடும். மீட்டர் இல்லாத கடைக்காரர் கண்ணை நம்பலாம்: நீலம் கலந்த சாம்பல் புகை, அடங்காத நுரை, கலங்கிய கருப்பு, இதில் எது வந்தாலும் இறக்கிவிட வேண்டியதுதான்.

"நம்மளது சின்னக் கடைதானுங்களே" என்பார்கள். சரி, தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகிற இடங்கள்தான் எவ்வளவு கழித்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். 25 சதவீத வரம்பு தள்ளுவண்டிக்கும் உண்டு.

கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். அதை பயோடீசல் ஆக்குவதற்காகவே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் 'ரூக்கோ' திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற சேகரிப்பாளர்கள் கடைக்கே வந்து காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பில் இல்லாமல் டின்னோடு வந்து கூடுதல் காசு நீட்டுகிறவரிடம் கொடுத்தால், அது பயோடீசலுக்குப் போகாமல் வேறொரு கடையின் சட்டிக்கே போய்ச் சேரலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் பெரிய ஓட்டையாகத் தெரிவது இதுதான். பதிவுச் சான்றையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, படத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம் வீட்டுக்கு ஒன்று: தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள், புதுக் கடலெண்ணெய் டின்னில் திரும்ப ஊற்றாதீர்கள்.