மணிக்கட்டு முறிவு தாமதமாகத் தெரிந்தாலும் முதல்வர் காப்பீடு உண்டு: பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சாரத்திலிருந்து விழும்போது கையை ஊன்றிவிட்டார். ஒரு கிளினிக்கில் "சுளுக்குத்தான்" என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டரை மாதம் ஆகியும் சாந்துச் சட்டியைத் தூக்க முடியவில்லை. கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே தொட்டாலே துடித்தார். மறுபடி படம் எடுத்ததில்தான் மணிக்கட்டில் ஸ்கேபாய்டு என்கிற முந்திரிப்பருப்பு அளவு எலும்பு முறிந்து, ஒட்டாமல் கிடப்பது தெரிந்தது. இந்த முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. 10, 14 நாள் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது இடுப்பெலும்பில் துண்டெடுத்து வைத்து, திருகு போடும் ஆபரேஷன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அவரிடம் "48 மணி நேரம் தாண்டிருச்சும்மா, கிடைக்காது" என்றார்கள். அந்த 48 மணி நேரக் கணக்கு சாலை விபத்துக்கான இன்னுயிர் காப்போம் திட்டத்துடையது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யார் சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்தது வருமானச் சான்று. 500 ரூபாய் கூலி என்றதும் 365 நாளால் பெருக்கினால் 1,82,500 ஆகிவிடும், தகுதி போச்சு. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதை வி.ஏ.ஓ.விடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் ரேஷன் கார்டு. அதில் பெயர் இருந்தால்தான் காப்பீட்டு அட்டை. கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்த அக்காவுக்கும் அதுதான் நடந்தது. கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு மூன்று நடை நடந்தார். ஒரே குறையை முதல் நடையிலேயே சொல்லியிருக்கலாம்.

முக்கியமானது இது. "இப்ப பணம் கட்டுங்க, அட்டை வந்ததும் திருப்பி வாங்கிக்கலாம்" என்று எந்தத் தனியார் மருத்துவமனை சொன்னாலும் கட்டாதீர்கள். மருத்துவமனை முன் அனுமதி வாங்கி, ஆபரேஷன் செய்து, காப்பீட்டு நிறுவனத்திடம் தானே பணம் பெறும் திட்டம் இது. நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமல்ல. மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, எலும்பு அறுவைக்கும் அனுமதி இருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். நம் மதுரை அரசு பெரியாஸ்பத்திரியிலும் இந்த அட்டை செல்லும். சேர்த்த பிறகு திருகுக்குத் தனியாகப் பணம் கேட்டால், அங்கேயே நின்று 1800 425 3993க்குப் போன் போடுங்கள். கட்டணமில்லா எண்.

பழைய எக்ஸ்ரேயையும் ஓ.பி. சீட்டையும் தூக்கிப்போடாதீர்கள். ஃபிலிமைக் கொடுக்கும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.