“வெளிச்சாப்பாடே கிடையாது டாக்டர்!”

கோலாலம்பூர் செந்தூலில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்று சொன்னதும் பாதிப்பேர் சொல்வது இதுதான்: “பர்கர், பிட்சா எல்லாம் தொடுவதே இல்லையே, வீட்டுச் சாப்பாடுதான்.” அறுபதை நெருங்கும் ஓர் அம்மாவும் அதையேதான் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.6, ரொம்ப அதிகம்.

“சரி, ஒரு நாளைக்குத் தேத்தண்ணி எத்தனை?”

“நாலு. சில நாள் ஐந்து.”

“டின் பாலா?”

“பின்னே?”

வெளிநாட்டிலிருந்து வந்த சாப்பாடு, உலகமயமாதல் என்றால் 1982இல் புக்கிட் பிந்தாங்கில் திறந்த முதல் மெக்டொனால்ட்ஸ்தான் நமக்கு ஞாபகம் வரும். சீனி போட்டுக் கெட்டியாக்கிய டின் பால் அதற்கு ரொம்ப மூத்தது. ஆங்கிலோ-சுவிஸ் பால் கம்பெனி பினாங்குக்கு வந்தது 1912இல். மாடும் வேண்டாம், ஐஸ்பெட்டியும் வேண்டாம், கெட்டும் போகாது என்பதால் ரப்பர் தோட்டத்துக் கடைவரை போய், இன்று நம் வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

அந்த அம்மாவின் தாயாரும் அதைத்தான் குடித்தார். ஆனால் அவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போனவர், வாளி தூக்கி நடந்தே சீனியைக் கரைத்தவர். ரப்பர் விலை விழுந்தது, மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், குடும்பம் கோலாலம்பூர் ஃபிளாட்டுக்கு வந்தது, மகளுக்குத் தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. தேத்தண்ணி மட்டும் மாறவில்லை. மாறவில்லை என்பதுகூடச் சரியில்லை. இப்போது மாமாக் கடைகளில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில், ஊற்றும் டின்னைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ‘கிரிமர் மானிஸ்’ (இனிப்புக் கிரீமர்) என்றிருக்கும்: ஏறக்குறையப் பாதி சீனி, கொஞ்சம் பால், அப்புறம் செம்பனை எண்ணெய். ரப்பரை அழித்து நட்ட அதே செம்பனை!

2019 தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4. நம் பரம்பரையும் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. அதே வருடம் ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள். நல்லதுதான், ஆனால் அது போத்தலுக்கும் டின் பானத்துக்கும். மாமாக் கடையில் ஆற்றித் தரும் பால் தேத்தண்ணியான தே தாரிக்குக்கு எந்த வரியும் இல்லை.

அந்த அம்மாவைத் தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார். பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள் என்றேன். மூன்று மாதம் கழித்து 8.2. மருந்தும் மாற்றியிருந்தேன், அதனால் பெருமை முழுக்கத் தே ஓவுக்குப் போகாது. வீட்டில் டின் இன்னும் இருக்கிறதாம், விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பாராம்.

“விருந்தாளி அடிக்கடி வருவார்களா?”

சிரித்துக்கொண்டே மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டார்.