மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை

இரண்டு வயதுப் பையன். காதில் சீழ். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நான்காம் நாள் அதே காய்ச்சலோடு அம்மா தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "நாலு வேளை விட்டுப்போச்சு டாக்டர்" என்றார். 'மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை' என்று சீட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் ஏன் என்று கேட்டேன்.

இந்த சிரப் தூளாக வரும். தண்ணீர் கலந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதை முதல் நாளே சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்து, வேளைக்கு வேளை போய் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அவர்கள் திடீரென்று வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியூர் போய்விட்டார்கள். மருந்து உள்ளே, பிள்ளை வெளியே. "அவங்கள என்னன்னு கேக்கறது டாக்டர், உதவி பண்ணவங்களாச்சே" என்றார்.

நானோ வருடக்கணக்காக என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு வசதி என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இத்தனைக்கும் இதே மருந்து தண்ணீரில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. அதற்குக் குளிர்ச்சி தேவையில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதையே எழுதியிருப்பேன்.

'அலட்சியமான பெற்றோர்' என்று நாங்கள் எளிதில் முத்திரை குத்துகிறோம். மறுபரிசோதனைக்கு வராதவருக்கு அன்று வந்தால் ஒருநாள் கூலி போகும். சொன்னதை மறந்துவிடுகிறார்களே என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. 2013-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் கையில் பணம் வந்த பிறகு செய்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். முடிவுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் விவாதம் இருந்தாலும், ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது புதிய செய்தியாகப் படவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது 'பத்து மில்லியா, ஐந்து மில்லியா' என்பது யாருக்கும் குழம்பும்.

அடுத்து, உதவி. இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஏழைக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் நல்ல மனதோடு பால்பவுடர் டின் வாங்கிக் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் ஊறிக்கொண்டிருக்கும்போதே டின் வந்துவிடும். குழந்தை புட்டிக்குப் பழகும், பால் சுரப்பு குறையும். இரண்டு டின்னில் கொடையாளி காணாமல் போவார். அதற்குப் பிறகு டின்னை நீட்டிக்க ஒரு கரண்டியைக் குறைத்துக் கலப்பார்கள்; குழந்தையின் எடை ஏறாது. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளும் அல்ல. கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடும் முன் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுப்பெரிக்கவே யோசிக்கும் வீட்டில் எட்டு வேளையும் அது நடக்காது. வயிற்றுப்போக்கோடு அந்தக் குழந்தை என்னிடம் வரும். தாய்ப்பால் கொடுக்க முடியாத தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு பவுடர் தேவைதான், தேவைப்படும் காலம் முழுக்க. மற்றவர்களுக்கு உதவ விரும்பினால் தாயின் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வழி செய்யுங்கள். மூத்த பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டாலே போதும். அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இப்போதெல்லாம் சீட்டு எழுதும் முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் மருந்தை எங்கே வைப்பீர்கள்? பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அடுத்த முறை எந்த நாளில் வருவது உங்களுக்குத் தோது? "ஃப்ரிட்ஜ் இருக்கா" என்று நேராகக் கேட்பதில்லை. கூச்சத்தில் 'இருக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். இப்படிக் கேட்டாலும் சிலர்தான் உடனே சொல்வார்கள். சிலர் மூன்றாவது தடவை வரும்போது, அறையில் வேறு யாரும் இல்லையென்றால் சொல்வார்கள்.