காய்ந்த தொட்டிக்குள் குடம்பி எங்கிருந்து வந்தது?

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். குளியலறைச் சீமெந்துத் தொட்டியை வற்றவிட்டு மூன்று கிழமை வெளியூர் போயிருந்தார்களாம். திரும்பி வந்து, இரண்டு வாளித் தண்ணீர் அடித்து அலசிவிட்டு நிரப்பியிருக்கிறார்கள். அடுத்த நாளே நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. எல்லாமே ஒரே அளவு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் சிறிசுகள். கிணற்றுத் தண்ணீரோடு வந்திருக்குமோ என்று கேட்கிறார்.

கிணற்றிலிருந்து வந்திருந்தால் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். சரி, நிரப்பிய இரவே ஒரு நுளம்பு வந்து முட்டையிட்டதா? அதற்கும் நேரம் போதாது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தியின் முட்டைக்குள் குடம்பி உருவாகவே நம் ஊர் வெக்கையில் மூன்று நாள் அளவில் ஆகும். ஆகவே முட்டைகள் அந்த மூன்று கிழமையும் தொட்டிக்குள்ளேயேதான் இருந்திருக்கின்றன.

இந்த நுளம்பு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிடுகிறது. முட்டை அரை மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இட்டபோது வெள்ளை, சில மணி நேரத்தில் கறுப்பு. சொரசொரப்பான சீமெந்துப் பூச்சில் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இட்டவுடன் சுவர் காய்ந்தால் முட்டை சுருங்கிச் செத்துவிடும். ஆனால் உள்ளே கருவைச் சுற்றி ஓர் உயிரணுப் படலம் வளர்ந்து, ஓட்டின் உட்புறத்தில், பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் கைற்றின் என்ற உறுதியான பொருள் கலந்த இன்னொரு தோலைச் சுரக்கிறது. 28 பாகை செல்சியஸில் இந்தத் தோல் 11 முதல் 13 மணி நேரத்துக்குள் உருவாகிவிடுகிறது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அதன்பிறகு முட்டை எளிதில் நீரை இழக்காது. குடம்பி முழுதாக வளர்ந்து முடித்தும் வெளியே வராமல், பட்டறையில் கிடக்கும் விதைநெல்லைப் போல, மாதக்கணக்கில் காய்ந்தபடியே இருக்கும். கச்சான் காற்று வீசும் கோடையில் இட்ட முட்டை மாரி மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம்.

தண்ணீர் பட்டவுடன் எல்லாம் பொரித்துவிடுவதுமில்லை. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவதுதான் முட்டைக்குக் கிடைக்கும் பெரிய சமிக்ஞை. ஒட்சிசன் ஏன் குறைகிறது? பற்றீரியாக்கள் பெருகி அதை உறிஞ்சுவதால். குடம்பியின் உணவில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிர்கள்தான். சாப்பாடு தயாரான பிறகுதான் பிள்ளை கண் திறக்கிறது! தலையிலுள்ள ஒரு சிறு முள்ளால் ஓட்டின் மூடியை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆய்வுகூடத்தில் முட்டைகளை ஒரே நேரத்தில் பொரிக்கவைக்க, நீரிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பியால் இழுத்துவிடுவார்கள். வாசகியின் தொட்டியில் அந்த வேலையைச் சுவரில் மிச்சமிருந்த பாசி வழுவழுப்பும் அதிலிருந்த பற்றீரியாக்களும் செய்திருக்கும்.

2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அப்படியான காலங்களில் தெருத்தெருவாகப் புகையடிப்பார்கள். புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், சுவரில் ஒட்டிய முட்டையை ஒன்றும் செய்யாது. சத்தமும் புகையும் இருப்பதால் வேலை நடப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காசில் ஒரு பங்கை, நம் வீட்டுத் தொட்டிகளை எப்படித் தேய்த்தால் முட்டை போகும் என்று பார்க்கும் ஆய்வுக்குக் கொடுத்தால் என்ன? ஹொண்டுராஸில் 1990களில் அப்படி ஒன்று செய்தார்கள். பெண்கள் ஏற்கெனவே கழுவும் முறையைக் கவனித்து, அதில் சிறு மாற்றம் மட்டும் செய்தார்கள். பிளீச்சையும் சலவைத் தூளையும் குழைத்துச் சுவரில் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு தேய்த்துக் கழுவுவது. தொட்டித் தண்ணீரில் கலக்கும் குளோரின் அளவு முட்டைக்குப் போதாது. சுவரில் கெட்டியாகப் படும் பிளீச் அதைக் கொல்லும்.

ஆகவே அடியிலுள்ள குழாயைத் திறந்து முழுக்க வற்றவிடுங்கள். அடியில் குழாய் இல்லையென்றால், சாதாரணக் குழாய் தொட்டியின் தரையைவிட உயரத்தில் இருப்பதால் மிச்சத்தைத் துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். பிறகு தேங்காய்த் தும்பாலோ கெட்டித் தூரிகையாலோ, பழைய நீர்மட்டக் கறை இருக்கும் இடத்தையும் அதற்கு ஒரு சாண் மேலேயும் அழுத்தித் தேயுங்கள். பெரும்பாலும் அடிப்பகுதியைத்தான் எல்லாரும் தேய்க்கிறார்கள், முட்டை அங்கே அதிகம் இருக்காது. பிளீச்சோடு கழிவறை அசிற்றைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஆள் இறங்கும் அளவு பெரிய தாங்கியென்றால் வெளியே இன்னொருவர் நிற்கட்டும்.

தேய்த்த தண்ணீரைக் கானுக்குள் விடாதீர்கள், உயிரோடு தப்பிய முட்டைகள் அங்கே பொரிக்கும். கரையோர ஊர்களில் வெயில் படும் மணலில் ஊற்றினால் உடனே உறிஞ்சிவிடும். ஒரு தொகுதி முட்டைகள் எல்லாம் ஒரே நனைப்பில் பொரிப்பதில்லை, சில இரண்டாம் மூன்றாம் நனைப்புக்குக் காத்திருக்கும். குடம்பி நுளம்பாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், மாரி முடியும்வரை இந்தத் தேய்ப்பைக் கிழமைக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.